தமிழ் வைத்த கணினியில் மட்டும் கிராஷ் ஆன நிரல்

திருப்பூரில் வீரபாண்டி பக்கம் ஒரு சாயப்பட்டறை. அங்கே லாட் கணக்கு முழுவதும் ஒரு டெர்மினல் நிரலில்தான் (எழுத்துகள் மட்டுமே தெரியும் ஜன்னலில் ஓடும் நிரல்) ஓடுகிறது. யாருடைய துணி, எந்த ஊர், என்ன ஷேடு, எத்தனை ரோல், டெலிவரி எப்போது, எல்லாமே கீபோர்டில் தட்டித் தட்டியே பதிவாகும். மவுஸ் தேடும் வேலை இல்லாததால் பழகியவர்கள் கை அதில் பறக்கும். பல வருடம் முன்னால் வேறொருவர் சி மொழியில் எழுதிய நிரல் அது. பராமரிப்பு இப்போது என் பொறுப்பு.

பட்டறைக் கணினிகள் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு லினக்ஸ். ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கட்டித் தருவதை விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஃபிளாட்பேக்கில் கட்டிக் கொடுத்தோம். ஃபிளாட்பேக் என்றால் நிரல் ஒரு சாண்ட்பாக்ஸுக்குள், அதாவது மற்றவற்றிலிருந்து தடுத்துப் பிரித்த ஒரு அறைக்குள் ஓடும். தனக்கென்று ஒரு ரன்டைம் (நிரல் ஓடத் தேவையான லைப்ரரிகளின் தொகுப்பு), தனக்கென்று ஒரு கிலிப்சி (சி நிரல்களின் அடிப்படை லைப்ரரி). வெளியே இருப்பது உபுண்டுவா ஃபெடோராவா என்ற கவலை உள்ளே கிடையாது. "என் கணினியில் ஓடுகிறது, உங்களிடம் ஏன் ஓடவில்லை" என்ற பேச்சு இதோடு ஒழிந்துவிடும் என்பதுதான் இதன் பெரிய வசதி. பெரும்பாலும் ஒழிந்தும்விட்டது. ஒழியாமல் போன ஒரு தடவையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். சாண்ட்பாக்ஸ் போட்ட நிரல்களைப் பராமரிப்பவர்களுக்கும், தமிழில் கணினி வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கணக்குப் பார்க்கும் பெண்ணிடமிருந்து போன். "அண்ணா, இன்னைக்கும் தானா வெளிய வந்துருச்சுங்க. மறுபடி தொறந்தா நல்லாத்தானுங்க ஓடுது."

எப்போது வெளியே வந்தது, அதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. குறை சொல்ல முடியாது. காலையில் வந்து உட்கார்ந்தவுடன் சில நாள் நடக்கும், சில நாள் நடக்கவே நடக்காது. நான் நேரில் போய் உட்கார்ந்தால் நாள் முழுக்க ஒழுங்காக ஓடும். என் கணினியில் அதே ஃபிளாட்பேக், அதே தரவு, ஒரு சிக்கலும் இல்லை.

இந்த மாதிரி சமயத்தில் முதலில் செய்ய வேண்டியது: கிராஷ் ஆனவுடன் மறுபடி திறக்காமல், திரையை அப்படியே செல்போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். டெர்மினல் நிரல் விழுந்தால் சாகும்போது சொன்ன கடைசி வார்த்தை பெரும்பாலும் திரையிலேயே நிற்கும். திரும்பத் திறந்தால் அது அழிந்துபோகும். "அம்மிணி, அடுத்த தடவை எதையும் அமுக்காம ஒரு போட்டோ மட்டும் எடுத்து அனுப்பு" என்று சொல்லி வைத்தேன். வாட்ஸ்அப்பில் படம் வந்தது. ஒரே ஒரு வரி: 'ரீஅலாக்: இன்வாலிட் நெக்ஸ்ட் சைஸ்'.

மெமரியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த வரி பழக்கமானது. நிரல் கேட்கும் மெமரியைக் கிலிப்சி துண்டு துண்டாகக் கொடுக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் அளவை ஒரு சிறு தலைப்பாக எழுதி வைத்துக்கொள்கிறது. ஒரு துண்டைப் பெரிதாக்கச் சொல்லி ரீஅலாக்கைக் கூப்பிட்டால், பக்கத்துத் துண்டின் தலைப்பைச் சரிபார்க்கும். அங்கே நம்ப முடியாத எண் இருந்தால், உடனே நிரலை நிறுத்திவிடும். ஆக, நிரல் விழுந்த இடம் வேறு, தப்பு நடந்த இடம் வேறு. நிட்டிங்கில் ஊசி உடைந்ததால் விழுந்த ஓட்டை, சாயம் போட்டு காம்பாக்டிங்கும் முடிந்து செக்கிங் டேபிளுக்கு வந்த பிறகுதான் கண்ணில் படும். செக்கிங்கில் இருப்பவரைத் திட்டிப் பயனில்லை. இதுவும் அப்படித்தான்.

ரீஅலாக்கை நிரல் எங்கே கூப்பிடுகிறது என்று பார்த்தேன். முக்கியமான இடம் ஒன்றுதான்: ஜன்னலின் அளவு மாறும்போது, ஒரு வரியைத் தயார் செய்யும் பஃபரை (அந்த வரியை எழுதி வைக்கும் மெமரித் துண்டை) புது அகலத்துக்கு ஏற்ப மாற்றும் இடம். உடனே எல்லோருக்கும் வரும் சந்தேகம்தான் எனக்கும் வந்தது. ஜன்னல் அளவு மாறினால், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் சிக்வின்ச் என்ற சிக்னலை அனுப்பும். அந்த சிக்னலைப் பிடிக்கும் ஃபங்ஷனுக்குள்ளேயே மெமரி கேட்டால், ஏற்கெனவே பாதி வேலையில் இருக்கும், மெமரி ஒதுக்கும் மல்லாக்கின் மேலேயே போய் விழும். எப்போதாவது ஒரு தடவை மட்டும் கிராஷ் ஆகும் டெர்மினல் நிரல்களில் இது மிகப் பழைய வியாதி. ஆனால் இந்த நிரலில் சிக்னல் ஃபங்ஷன் ஒரு கொடியை மட்டும் ஏற்றிவிட்டுத் திரும்பியது. மெமரி வேலை எல்லாம் பிரதான லூப்பில் நடந்தது. எழுதியவர் விஷயம் தெரிந்தவர். அந்தச் சந்தேகம் அதோடு தீர்ந்தது.

"கரண்ட்டு ஏறி எறங்குதுங்க, அதனால இருக்கும்" என்றார் முதலாளி. பட்டறையில் ஈரமும் சூடும் அதிகம் என்பதால் அதையும் ஒதுக்கிவிட முடியாது. இரவு முழுக்க மெமரி சோதனை ஓடவிட்டோம். ரேமில் ஒரு குறையும் இல்லை.

சரி, கோர் டம்ப் (நிரல் விழுந்த நொடியில் அதன் மெமரியின் நகல்) எடுத்துப் பார்த்துவிடலாம் என்றால், சாண்ட்பாக்ஸ் தன் குணத்தைக் காட்டும் இடம் இதுதான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோர் டம்ப் எங்கே போக வேண்டும் என்பதைக் கெர்னலில் இருக்கும் ஒரே ஒரு அமைப்பு முடிவு செய்கிறது. சாண்ட்பாக்ஸுக்குத் தனி அமைப்பு கிடையாது. அதனால் உள்ளே விழுந்த நிரலின் டம்ப்பும் வெளியே இருக்கும் கணினியில்தான் சேரும். சிஸ்டம்டி கோர்டம்ப் இருக்கும் கணினியில் அதைக் கோர்டம்ப்சிடிஎல் கட்டளையால் எடுக்கலாம். பழைய டம்ப்புகளை அது தானாகவே அழித்துவிடும் என்பதால், தேவையானதை உடனே வெளியே நகலெடுத்து வைத்துவிட வேண்டும். உபுண்டுவில் வழக்கமாக இந்த வேலை அப்போர்ட் என்ற கருவியின் கையில் இருக்கும். உபுண்டுவின் பேக்கேஜ் எதிலும் சேராத நிரல் விழுந்தால் அப்போர்ட் தன் பதிவில் ஒரு வரி எழுதிவிட்டு விட்டுவிடும். சிக்கல் கொடுத்த கணினி நல்லவேளையாக ஃபெடோரா. டம்ப் பத்திரமாக இருந்தது.

அதை வெளியே இருக்கும் ஜிடிபியில் (பிழை தேடும் கருவி) திறந்தால் பேக்டிரேஸ், அதாவது எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல், முழுக்கக் கேள்விக்குறி. காரணம், டம்ப்பில் குறித்திருக்கும் லைப்ரரிப் பாதைகள் சாண்ட்பாக்ஸுக்குள் இருப்பவை. ஜிடிபி அதே பாதையில் வெளியே தேடினால் ஒன்று எதுவும் கிடைக்காது, இல்லையென்றால் வேறொரு பதிப்புக் கிலிப்சி கிடைக்கும். இரண்டாவதுதான் ஆபத்து. பார்க்க நம்பும்படியாக இருக்கும், ஆனால் முழுக்கத் தப்பான ஃபங்ஷன் பெயர்கள் வரும். அந்தப் பெயர்களை நம்பிக் கிளம்பினால் ஊர் சுற்ற வேண்டியதுதான். டம்ப்பைத் திறக்கும் ஜிடிபி அதே ரன்டைமின் எஸ்டிகேவுக்குள் (நிரல் கட்டுவதற்கான கருவித் தொகுப்பு) இருக்க வேண்டும். நிரலின் டீபக் நீட்சியும் (ஃபங்ஷன் பெயர்கள், வரி எண்கள் இருக்கும் கூடுதல் கோப்புகள்) எஸ்டிகேவின் டீபக் நீட்சியும் கூடவே நிறுவியிருக்க வேண்டும். ரன்டைமின் கமிட் எண்ணும் (பதிப்பின் அடையாளம்) கிராஷ் ஆன நாளில் இருந்ததாகவே இருக்க வேண்டும். நடுவில் அப்டேட் நடந்திருந்தால், பழைய கமிட்டுக்குத் திரும்பிப் போக ஃபிளாட்பேக்கிலேயே வழி இருக்கிறது. ஃபிளாட்பேக் கோர்டம்ப்சிடிஎல் என்று ஒரு சிறு கருவியும் உண்டு. அது இந்த வேலையில் பாதியைக் குறைக்கும்.

இப்படித் திறந்த பிறகு பேக்டிரேஸ் தெளிவாக வந்தது. ரீஅலாக், அதற்கு மேலே ஜன்னல் அளவு மாற்றும் ஃபங்ஷன். புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்து செய்ததுதான் திருப்பம். பஃபரின் கடைசிப் பகுதியையும் அதைத் தாண்டிய மெமரியையும் பைட் பைட்டாக அச்சிட்டுப் பார்த்தேன். பக்கத்துத் துண்டின் அளவு இருக்க வேண்டிய இடத்தில் 20 20 20 20 20 20 20 20 என்று நின்றது.

பதினாறடிமான எண்ணில் 20 என்றால் 32. ஆங்கில எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி பட்டியலில் 32 என்றால் இடைவெளி. யாரோ பஃபரைத் தாண்டி வெறும் இடைவெளிகளாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள். கெட்டுப்போன மெமரியைப் பார்க்கும்போது அந்த எண்களை எழுத்தாகவும் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். என்ன எழுதப்பட்டது என்று தெரிந்தால், எழுதியது யார் என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும். இந்த நிரலில் இடைவெளிகளை வரிசையாக எழுதும் இடம் ஒன்றே ஒன்றுதான்: ஊர், ஷேடு, குறிப்பு என்று ஒவ்வொரு நெடுவரிசையிலும் அதற்கான பெயரை எழுதிவிட்டு மீதி அகலத்தை நிரப்பும் ஃபங்ஷன்.

அந்த ஃபங்ஷனை வாசித்தால் தப்பே தெரியவில்லை. எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, திரையில் அது எத்தனை கட்டம் (ஒரு எழுத்துக்கான இடம்) பிடிக்கும் என்று டபிள்யூசிவிட்த் ஃபங்ஷனைக் கேட்கிறது. எல்லாவற்றையும் கூட்டி, நெடுவரிசையின் அகலத்தில் இருந்து கழித்து, மீதிக்கு இடைவெளி போடுகிறது. கூட்டுத்தொகை அகலத்தைத் தாண்டினால் பெயரை வெட்டுகிறது. தர்க்கம் சரி. என் கணினியில் எத்தனை நீளமான தமிழ்ப் பெயர் கொடுத்தாலும் சரியாகவே வெட்டியது.

அதற்கு மேல் கோடை முறைத்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை என்று, ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பட்டறைக்குப் போய் ஓரமாக உட்கார்ந்தேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நைட் ஷிஃப்ட் சூப்பர்வைசர் எழுந்து போனார், கணக்குப் பெண் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கன்ட்ரோலையும் மைனஸையும் சேர்த்துத் தட்டினார். திரையில் எழுத்துகள் ராட்சச அளவில் இருந்தன, அதைச் சிறிதாக்குகிறார். அன்றைக்குக் கிராஷ் ஆகவில்லை. ஆனால் எனக்கு அது போதும். சூப்பர்வைசரை வாசலில் பிடித்துக் கேட்டேன்.

"கண்ணு மங்கலாத் தெரியுதுங்க தம்பி. நைட்ல எழுத்தப் பெருசு பண்ணிக்குவனுங்க. காலைல அந்தப் புள்ள வந்து சின்னது பண்ணிக்கும். அதுல ஏதாச்சும் தப்புங்களா?"

அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரியில் கொள்ளும் கட்டங்கள் குறையும். 80 கட்டம் 60 ஆகும். நிரல் பஃபரை ஒரு கட்டத்துக்கு 4 பைட் வீதம் ஒதுக்குகிறது. அதாவது 321 பைட் இருந்த பஃபர் 241 ஆகச் சுருங்கும். இரவில் அந்தச் சுருங்கிய பஃபரில் ஏதோ ஒரு வரி நிரம்பி வழிகிறது. வழிந்தது யாருக்கும் தெரியாது, நிரல் பாட்டுக்கு ஓடும். காலையில் எழுத்தைச் சிறிதாக்கும்போது பஃபரைப் பெரிதாக்க ரீஅலாக் வரும், பக்கத்துத் தலைப்பைப் பார்க்கும், விழும். இரவு ஒருவர் கையில் கெட்டது, காலையில் இன்னொருவர் கையில் வெடிக்கிறது. அந்தப் பெண்ணிடம் எத்தனை தடவை "என்ன செய்தாய்" என்று கேட்டாலும் விடை எப்படி வரும்? ஒரே கணினியை ஷிஃப்ட்டுக்கு ஒருவர் பயன்படுத்தும் இடங்களில், கிராஷ் ஆனவரை மட்டும் விசாரிக்காதீர்கள், அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரையும் விசாரியுங்கள்.

இருந்தாலும் என் கணினியில் 60 கட்டத்திலும் வழியவில்லை. இரண்டு கணினிக்கும் நடுவே இன்னும் ஒரு வித்தியாசம் பாக்கி. சாண்ட்பாக்ஸுக்குள் ஒரு ஷெல்லைத் திறந்து, இரண்டிலும் சூழல் மாறிகளை (நிரலுக்குக் கணினி சொல்லும் அமைப்புகளை) எடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டேன். என்னுடையதில் மொழி ஆங்கிலம். பட்டறையில் டெஸ்க்டாப்பே தமிழில் இருந்தது, மொழிக்கான சூழல் மாறியும் தமிழ் லொக்கேலையே (மொழி, எழுத்து பற்றிய அமைப்பு) காட்டியது. அந்த மாறி சாண்ட்பாக்ஸுக்குள்ளும் அப்படியே போகிறது. ஆனால் உள்ளே ரன்டைமின் மொழிக் கோப்புறையைத் திறந்தால் ஆங்கிலம் மட்டும்தான் இருந்தது.

ஃபிளாட்பேக் எல்லா மொழிக் கோப்புகளையும் இறக்காது. அமைப்பில் இருக்கும் மொழிகளுக்கு மட்டும்தான் இறக்கும். அங்கே முதலில் நிறுவியபோது, டவுன்லோடு மிச்சம் என்று, மொழி ஆங்கிலம் மட்டும் என்று அமைத்திருக்கிறார்கள். பிற்பாடு ஆட்களின் வசதிக்காக டெஸ்க்டாப்பைத் தமிழுக்கு மாற்றியிருக்கிறார்கள். இரண்டும் தனித்தனியாக நியாயமான வேலை. சேரும்போது நடப்பது இது: நிரல் தொடங்கியதும் தமிழ் லொக்கேலைக் கேட்கிறது, கோப்பு இல்லை, செட்லொக்கேல் வெறுங்கையோடு திரும்புகிறது. அந்தத் திரும்பிய மதிப்பை நிரல் பார்ப்பதில்லை. அதனால் ஆதி காலத்து 'சி' லொக்கேலிலேயே தொடர்ந்து ஓடுகிறது. அந்த லொக்கேலுக்கு ஆஸ்கியைத் தவிர வேறு எழுத்தே தெரியாது. எந்தத் தமிழ் எழுத்தைக் கொடுத்து அகலம் கேட்டாலும், 'அச்சிட முடியாத எழுத்து' என்ற பொருளில் டபிள்யூசிவிட்த் -1 என்று சொல்லும்.

பெருந்துறை என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் 10 குறியீடுகள், 30 பைட். புள்ளிக்கு அகலம் கிடையாது என்பதால் திரையில் 9 கட்டம். ஊருக்கு ஒதுக்கிய 16 கட்டத்தில் மீதி 7 இடைவெளி, மொத்தம் 37 பைட். லொக்கேல் விழுந்துபோன கணினியில் அதே பெயரின் அகலம் -10. 16-இல் இருந்து -10-ஐக் கழித்தால் 26 இடைவெளி. 56 பைட். பெயர் நீள நீள அகலம் குறைந்துகொண்டே போகும் என்பதால் வெட்டும் வேலையும் நடக்கவே நடக்காது. ஊர், ஷேடு இரண்டும் தமிழில் இருந்து, குறிப்பில் 'அவசரம், சாம்பிள் காட்டிவிட்டு அனுப்பவும்' என்று யாராவது எழுதிவிட்டால் போதும். அந்த ஒரு வரி 270 பைட்டைத் தாண்டும். 80 கட்டத்தில் 321-க்குள் அடங்கிவிடும். 60 கட்டத்தில் 241-ஐத் தாண்டி வழியும். வழியும் பகுதி முழுக்க இடைவெளிகள். 20 20 20 20.

நெடுவரிசைகள் அப்படி விலகி நிற்பதை யாரும் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். டெர்மினலில் தமிழ் வந்தால் வரிசை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்று நாம் எல்லோரும் பழகிவிட்டோம். அதை யாரும் ஒரு குறையாகவே நினைப்பதில்லை. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. தமிழில் ஒன்று கோணலாகத் தெரிந்தால், அது அப்படித்தான் என்று விட்டுவிடாமல், உடனே சொல்லிவிடுங்கள். ஆங்கிலம் வைத்த கணினியில் இதே தமிழ் வரிகள் சரியாகவே ஓடின, யூனிகோடுக்கான யூடிஎஃப்-8 லொக்கேல் எந்த மொழியுடையதாக இருந்தாலும் தமிழ் எழுத்தின் அகலம் அதற்குத் தெரியும். தமிழ் வேண்டும் என்று கேட்டவருக்குத்தான் உடைந்தது.

காரணம் தெரிந்த பிறகு அதை என் கணினியில் வரவைப்பது சுலபம். ஃபிளாட்பேக்கின் மொழி அமைப்பை ஆங்கிலம் மட்டும் என்று வைத்து, சூழல் மாறியைத் தமிழுக்கு மாற்றி, டிமக்ஸ் என்ற டெர்மினல் கருவிக்குள் ஓட்டினேன். டிமக்ஸில் ஜன்னல் அகலத்தைக் கட்டளையாலேயே மாற்றலாம் என்பதால் 80, 60, மறுபடி 80 என்று ஒரு சிறு ஸ்கிரிப்ட் போதும். ஒவ்வொரு தடவையும் விழுந்தது. ஒரு பொறியைச் சொல்லிவிடுகிறேன். டீபக் செய்ய ஃபிளாட்பேக்கின் டெவல் விருப்பத்தோடு ஓட்டினால், ரன்டைமுக்குப் பதிலாக எஸ்டிகே வந்து உட்காரும். எஸ்டிகேவின் மொழிக் கோப்புகள் தனி. அதில் தமிழ் இருந்து ரன்டைமில் இல்லாமல் இருந்தால், டீபக் செய்யும்போது மட்டும் கிராஷ் மாயமாகிவிடும்.

அப்புறம், மெமரித் தப்பை நடக்கும்போதே பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு நிரலைக் கட்டி ஓட்டினேன். காலை வரை காத்திருக்காமல், வழிந்த அதே நொடியில், அதே வரி எண்ணோடு நிறுத்தியது. சாண்ட்பாக்ஸுக்குள் இதை ஓட்டும்போது மெமரிக் கசிவு தேடும் பகுதியை அணைத்துவிடுங்கள். அதற்கு பிடிரேஸ் (ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்கும் கெர்னல் வசதி) வேண்டும், ஃபிளாட்பேக் சாதாரணமாக அதை அனுமதிக்காது. இதே கட்டுமானத்தை முதலிலேயே பட்டறையில் ஒரு கணினியில் வைத்திருக்கலாமே என்றால், தாராளமாக வைக்கலாம். வேகம் பாதியாகும், லாட் பதிவு மாதிரி வேலைக்கு அது தெரியக்கூடத் தெரியாது. எப்போதாவது மட்டும் வரும் மெமரி கிராஷுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

திருத்தம் சிறியது. செட்லொக்கேல் தோற்றால் சி.யூடிஎஃப்-8 லொக்கேலைக் கேட்கிறோம். கிலிப்சி 2.35-இல், 2022-இல், அது கிலிப்சியோடேயே சேர்ந்துவிட்டதால் மொழிக் கோப்பு இறக்காத ரன்டைமிலும் கிடைக்கிறது. டபிள்யூசிவிட்த் -1 சொன்னால் அதை அப்படியே கூட்டாமல் 1 என்று எடுத்துக்கொள்கிறோம். இரண்டையும்விட முக்கியமானது மூன்றாவது: இடைவெளி போடும் லூப் இப்போது அகலத்தை நம்பாமல், பஃபரில் எத்தனை பைட் மீதி என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துத்தான் எழுதுகிறது. அகலக் கணக்கு எவ்வளவு தப்பாகப் போனாலும், கோணலாகத் தெரியுமே ஒழிய மெமரி கெடாது.

பட்டறைக் கணினிகளில் ஃபிளாட்பேக்கின் மொழி அமைப்பில் ஆங்கிலத்தோடு தமிழையும் சேர்த்து, ஒரு அப்டேட் ஓட்டினோம். தமிழ் டெஸ்க்டாப்பில் ஃபிளாட்பேக் நிரல்கள் வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். டெர்மினலில் இருந்து ஏதாவது ஒரு ஜன்னல் நிரலைத் திறக்கும்போது, லொக்கேலுக்கு ஆதரவு இல்லை, 'சி' லொக்கேலுக்குப் போகிறேன் என்ற எச்சரிக்கை வந்தால், உங்கள் கணினியும் இதே நிலையில்தான் இருக்கிறது. ஃபிளாட்பேக் கன்ஃபிக் கட்டளையில் லாங்குவேஜஸ் என்ற அமைப்புக்கு ஆங்கிலம், தமிழ் இரண்டின் குறியீடுகளையும் அரைப்புள்ளி போட்டுக் கொடுத்துவிட்டு, அப்டேட் செய்தால் கோப்புகள் இறங்கிவிடும். டெஸ்க்டாப் மொழியை மாற்றும் ஒவ்வொரு தடவையும் இதையும் கூடவே சரிபார்க்க வேண்டும். நிரல் எழுதுபவர்கள் வெளியீட்டுக்கு முன் லொக்கேலே இல்லாத சூழலில், 40 கட்ட அகலத்தில், தமிழில் நீளமான குறிப்பு எழுதிய ஒரு வரியைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். எங்கள் சோதனையில் அந்த வரி இப்போது நிரந்தரமாக இருக்கிறது. ஊர் பெருந்துறை, ஷேடு கருநீலம், குறிப்பு அதே 'அவசரம்'.